அயலாருக்கு அளிக்கப்பட்ட பெயர்: டோல்கீனின் புனைவுலகில் நட்பு

பட்டம் சூட்டுவது எளிது. சூட்டிய பட்டத்துக்குரிய வாழ்வை வாழ்வதே அரிது. பொன்னாடையோடும் மாலையோடும் சேர்த்து மேடையில் வழங்கப்படும் சிறப்புப் பெயர்கள் பல, விழாப் பந்தல் பிரிக்கப்படும் முன்னரே மறக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் ஒருவரின் உள்ளத்தைக் கண்டறிந்து, இவர் எங்களவர் அல்லர், எனினும் எங்கள் நம்பிக்கைக்கு உரியவர் என்று ஓர் இனமே கூறுமாயின், அப்பெயருக்கு வேறொரு கனம் வந்துசேர்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த புனைவுலகில் அத்தகைய பெயர் ஒன்று உண்டு. 'எல்ஃபுகளின் நண்பர்' என்பதே அப்பெயர். அவருடைய நூல்களில் அது எவ்வாறு வழங்கப்படுகிறது, யாருக்கு வழங்கப்படுகிறது, பெற்றவருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டோல்கீன் 1892-இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டீன் நகரில் பிறந்தவர். தந்தையை நான்கு வயதிலேயே இழந்தார். தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தார். அதன் விளைவாக உறவினரின் ஆதரவை இழந்து வறுமையுற்ற அவர், 1904-இல் நீரிழிவு நோயால் மறைந்தார். அநாதையான சிறுவர் இருவரையும் காத்து வளர்த்தவர், புனித நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் அடிகளார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக விளங்கிய டோல்கீன், 'தி ஹாபிட்' நூலை 1937-இலும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாகவும் வெளியிட்டார். அவர் 1973-இல் மறைந்த பின்னர், அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்த 'தி சில்மரில்லியன்' 1977-இல் வெளிவந்தது. இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் மர்ரேக்கு 1953-இல் எழுதிய மடலில், தமது பெரும்படைப்பு அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கம் சார்ந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனை உருவகக் கதையாக வாசிப்பதை அவர் விரும்பவில்லை. எல்ஃபுகள் என்றால் வானதூதர், நண்பர் என்றால் திருமுழுக்குப் பெற்றவர் என்று நாம் பட்டியல் போட்டுக்கொண்டு படித்தால், கதையும் போய்விடும், கருத்தும் போய்விடும்.

பெயரின் பொருள்

முதலில் எல்ஃபுகள் யாவர் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் கதைகளில் வரும் தேவர்களோ கந்தருவர்களோ அல்லர், பேய்களும் அல்லர். மனிதரைப் போன்ற உடலும் உணர்வும் உடையவர்கள். ஆனால் முதுமையும் நோயும் அவர்களை அணுகா. கொல்லப்பட்டாலோ பெருந்துயரால் வாடினாலோ அன்றி இறப்பில்லை. மனிதனோ சில காலம் வாழ்ந்து மடிபவன். இந்த இரண்டு இனங்களுக்கும் இடையில் உள்ள வேலி, மொழியாலோ நிறத்தாலோ ஆன வேலி அன்று, சாவே வேலி. அந்த வேலியைத் தாண்ட எந்தப் பட்டத்தாலும் இயலாது. ஆகவே 'எல்ஃபுகளின் நண்பர்' என்று பெயர் பெற்றவர் எல்ஃபாக மாறிவிடுவதில்லை. அவருக்கு நிலமில்லை, பதவியில்லை, நீண்ட ஆயுளும் இல்லை. அயலாராகவே இருந்துகொண்டு நம்பப்படுகிறார். இதுதான் இப்பெயரின் முதல் இலக்கணம்.

இப்பெயரை டோல்கீன் வெறுமனே கற்பனை செய்யவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஆல்ஃப்வினே' என்றொரு இயற்பெயர் உண்டு. அதன் பொருளே எல்ஃபின் நண்பன் என்பதுதான். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலிக்குள் புகுந்த லொம்பார்டு அரசன் ஆல்போயினின் பெயரும் அதே சொல்லின் மற்றொரு வடிவமே. 1987-இல் வெளியான 'தி லாஸ்ட் ரோடு' தொகுப்பில் உள்ள, முடிவுபெறாத கதை ஒன்றில் தந்தை, மகன், பேரன் ஆகிய மூவரின் பெயர்களும் முறையே இறைவனின் நண்பன், எல்ஃபின் நண்பன், பேரின்பத்தின் நண்பன் என்று பொருள்படுகின்றன. மக்கள் சாதாரணமாகச் சூட்டிக்கொண்ட ஒரு பெயருக்குள் மறந்துபோன நம்பிக்கை ஒன்று உறங்குவதைக் கண்ட மொழியறிஞர், அந்நம்பிக்கைக்கு ஒரு வரலாற்றையே எழுதிக் கொடுத்தார் எனலாம்.

மொழியே வாயில்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் முதற்பகுதியில், மூன்றாம் அதிகாரத்திலேயே இப்பெயரைச் சந்திக்கிறோம். ஃப்ரோடோ என்னும் ஹாபிட் தன் தோழர் இருவரோடு இரவில் காட்டு வழியே நடக்கிறான். கறுப்புக் குதிரைவீரன் ஒருவன் அவர்களைத் தேடித் திரிகிறான். அப்போது எல்ஃபுகளின் கூட்டம் ஒன்று பாடியவாறு அவ்வழியே வருகிறது. அவர்களின் தலைவன் கில்டோர். ஃப்ரோடோ அவர்களின் தொன்மொழியிலேயே வணக்கம் கூறுகிறான். கில்டோர் வியந்து சிரித்து, அவனை நண்பனே என்று வாழ்த்துகிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரோடோ அதுவரை எந்த வீரச்செயலும் புரிந்தவன் அல்லன். வளர்ப்புத் தந்தையான பில்போவிடம் பிறர் மொழியைக் கற்றான், அவ்வளவே. ஆதாயம் எதையும் கருதி அவன் கற்கவில்லை. அவன் வாழ்ந்த ஊரில் அம்மொழி சோறு போடாது, கேலிக்கே இடமளிக்கும். பயன் கருதாது பிறர் மொழியைக் கற்றவன், அவர்கள்மீது அன்பு கொண்டவன் என்பதை எல்ஃபுகள் ஒரே வாழ்த்தில் கண்டுகொள்கிறார்கள்.

அன்றிரவு நீண்ட உரையாடலுக்குப் பின் கில்டோர் முறைப்படி அப்பெயரை வழங்குகிறான். ஆனால் ஃப்ரோடோ கேட்ட விளக்கங்கள் பலவற்றை அவன் தரவில்லை. அறிவுரை கூறவும் தயங்குகிறான். நண்பன் என்ற பெயரால் எல்லா இரகசியங்களும் திறந்துவிடுவதில்லை. எனினும் கில்டோர் செய்த ஒன்று பின்னர்த் தெரியவருகிறது. ஃப்ரோடோ இடர்ப்படுகிறான் என்ற செய்தியை அவன் கூட்டத்தார் எங்கும் அனுப்புகின்றனர். அச்செய்தி ரிவென்டெலை எட்டியதால்தான் எல்ரோண்ட் குளோர்ஃபிண்டெலைத் தேடி அனுப்புகிறான். அவன் குதிரையின் உதவியால்தான் ஃப்ரோடோ ஆற்றைக் கடந்து உயிர் பிழைக்கிறான். இடையில் கோல்ட்பெரி என்னும் பெண், யாரும் சொல்லாமலேயே, கண்ணின் ஒளியையும் குரலின் ஓசையையும் கொண்டு அவனை எல்ஃபுகளின் நண்பன் என்று அறிந்துகொள்கிறாள். பெயர் ஒருவரின் முகத்திலேயே தெரியுமாயின் அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. 2001 முதல் 2003 வரை வெளியான திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்கள் இக்காட்சிகளை அறிந்திருக்கமாட்டார்கள். கில்டோருடனான உரையாடலும் கோல்ட்பெரியும் அவற்றில் இடம்பெறவில்லை.

மோரியாச் சுரங்கத்தின் மேற்கு வாயிலிலும் இதே கருத்து வேறு வடிவில் வருகிறது. மூடிய கதவைத் திறக்கும் மறைச்சொல்லை அறியாது கந்தால்ஃப் பலவாறு முயன்று களைக்கிறார். தேடிய சொல் கதவின்மீதே எழுதப்பட்டிருக்கிறது. 'நண்பன்' என்பதே அச்சொல். குள்ளர் இனத்து நார்வி கதவைச் செய்ய, எல்ஃபான செலிப்ரிம்போர் எழுத்துகளை வரைந்த காலம் ஒன்று இருந்தது. ஐயமற்ற அக்காலத்தில் மறைச்சொல்லும் எளிதாகவே இருந்தது. பிற்காலத்தார் சூழ்ச்சியைத் தேடியதால் எளிமையைக் காணத் தவறினர்.

கண்கட்டும் மனக்கட்டும்

குள்ளர்களுக்கும் எல்ஃபுகளுக்கும் இடையே தொன்றுதொட்டு வந்த பகை டோல்கீன் உலகின் ஆறாத புண்களில் ஒன்று. லோத்லோரியன் காட்டின் எல்லையில் காவலர்கள் கிம்லியை மட்டும் கண்கட்டி அழைத்துச்செல்ல முனைகின்றனர். குள்ளன் என்பதைத் தவிர அவன் செய்த குற்றம் ஏதுமில்லை. அவன் மறுக்கிறான், கைகள் ஆயுதங்களை நாடுகின்றன. அப்போது அரகார்ன் எல்லாருடைய கண்களையும் கட்டுமாறு கூறுகிறார். எல்ஃபான லெகோலாஸும் தன் இனத்தார் காட்டிலேயே கண்கட்டப்பட்டு நடக்க நேர்கிறது. அது அவனுக்குச் சினமூட்டுகிறது. ஒருவரைத் தனித்து இழிவுபடுத்துவதைவிட அனைவரும் அவ்விழிவில் பங்குகொள்வது மேல் என்னும் அரகார்னின் முடிவில் ஆழ்ந்த நீதி இருக்கிறது. பின்னர்க் காவலன் ஹால்டிர் முதலில் கிம்லியின் கட்டையே அவிழ்த்து, தாழ்ந்து வணங்கி மன்னிப்புக் கோருகிறான்.

அதற்கும் மேலாகக் கலாட்ரியல் செய்வது ஒன்றுண்டு. அவளுடைய கணவர் குள்ளரைக் குறைகூறிய வேளையில், அவள் கிம்லியின் முன்னோர் வாழ்ந்த இடங்களை அவனுடைய மொழிப்பெயர்களாலேயே குறிப்பிட்டுப் பேசுகிறாள். பகைவர் என்று நினைத்த இடத்தில் அன்பையும் புரிதலையும் கண்டு கிம்லி உருகிவிடுகிறான். ஃப்ரோடோ எல்ஃபுகளின் மொழியைப் பேசினான். எல்ஃபுகளின் அரசியோ குள்ளனின் சொற்களைப் பேசுகிறாள். நட்பின் வாயில் இருபுறமிருந்தும் திறக்கப்பட வேண்டும் என்பதை இதைவிடச் சிறப்பாகக் காட்ட இயலாது. நூலின் பிற்சேர்க்கையில், கிம்லியும் எல்ஃபுகளின் நண்பன் என்று பெயர் பெற்றதை டோல்கீன் பதிவு செய்கிறார். லெகோலாஸுடன் வளர்ந்த அன்பும் கலாட்ரியல்மீது கொண்ட மதிப்புமே காரணங்கள் என்கிறார். போர்த்திறன் அங்கே குறிப்பிடப்படவில்லை.

நண்பனுக்கு நேரும் இழப்பு

இப்பெயரால் நன்மை மட்டுமே விளைந்திருந்தால் அது வெறும் அலங்காரமாகவே நின்றிருக்கும். டோல்கீன் அதன் விலையையும் சொல்கிறார்.

'தி ஹாபிட்' நூலில் பில்போ, போரைத் தவிர்க்கும் பொருட்டு, தன் தோழர்களான குள்ளர்கள் உயிரினும் மேலாகக் கருதிய மணியை எதிர்த்தரப்பாரிடம் இரகசியமாக ஒப்படைக்கிறான். அவர்களுடன் தங்கிவிடுமாறு எல்ஃப் அரசன் கூறியும் கேளாமல் தன் தோழர்களிடமே திரும்புகிறான். தலைவன் தோரினின் சினத்துக்கு ஆளாகி விரட்டப்படுகிறான். பின்னர்த் தோரின் சாகும் தறுவாயில் ஒப்புரவு நிகழ்கிறது. வீடு திரும்பும் வழியில், முன்பு எல்ஃப் அரசனின் மாளிகையில் மறைந்திருந்து உண்டதற்கு ஈடாக, வெள்ளியும் முத்தும் கோத்த மாலை ஒன்றைப் பில்போ அவனுக்கு வழங்குகிறான். அரசன் அவனுக்கு நண்பன் என்ற பெயரைச் சூட்டுகிறான். கடனை யாரும் கேட்கவில்லை, யாரும் அறியவுமில்லை. தானே நினைவுகூர்ந்து செலுத்துகிறான். ஆனால் ஊர் வந்து சேர்ந்தபோது அவன் வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றை அவன் விலைகொடுத்து மீட்கலாம். போன நற்பெயரை மீட்க இயலவில்லை. அயலார் நண்பன் என்று போற்றியவனை ஊரார் மதியாதவனாக்கிவிட்டனர்.

நூமெனோர் தீவின் வரலாற்றில் இதே செய்தி துயரக் காவியமாக விரிகிறது. அத்தீவின் அரசர்கள் தாங்கள் இறக்க வேண்டியிருப்பதை எண்ணி எல்ஃபுகள்மீது பொறாமை கொள்கின்றனர். எல்ஃபுகளின் மொழிகள் தடைசெய்யப்படுகின்றன. நட்பைக் கைவிடாத சிறுபான்மையினர் ஐயத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ளாகின்றனர். இறுதியில் சௌரான் எழுப்பிய கோயிலில் பலியிடவும் படுகின்றனர். அவர்களுடைய தலைவனான எலெண்டிலின் பெயருக்கே எல்ஃபுகளின் நண்பன் என்றும் விண்மீன்களை நேசிப்பவன் என்றும் பொருளுண்டு. ஒரு காலத்தில் பெருமையாக இருந்த பெயர் மற்றொரு காலத்தில் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவைக் கண்ட ஒருவர், சோம் போர்க்களத்தில் 1916-இல் நின்றவர், இதை எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஐயுற்றவன் அடைந்த அழிவு

நம்பியவரின் கடமை என்ன? இக்கேள்விக்கு 'தி சில்மரில்லியன்' நூலில் இரு விடைகள் இருக்கின்றன.

ஃபின்ராட் என்னும் எல்ஃப் அரசன், மனிதர்களை முதன்முதலில் கண்டபோது, உறங்கிக்கொண்டிருந்த அவர்கள் நடுவே அமர்ந்து யாழிசைத்துப் பாடியவன். பின்னொரு போரில் பராஹிர் என்னும் மனிதன் அவன் உயிரைக் காக்கிறான். நன்றியுடன் மோதிரம் ஒன்றைத் தந்து, அவன் குலத்துக்கு உதவுவேன் என்று ஃபின்ராட் ஆணையிடுகிறான். ஆண்டுகள் கழித்துப் பராஹிரின் மகன் பெரென் அம்மோதிரத்துடன் வந்து நிற்கிறான். ஃபின்ராட் தன் முடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனோடு புறப்படுகிறான். சௌரானின் சிறையில் பெரெனைக் கொல்ல வந்த ஓநாயை வெறுங்கையால் கொன்று, அக்காயங்களால் தானும் மடிகிறான். மரணமற்ற இனத்தைச் சேர்ந்தவன் மரணமுள்ளவனுக்காக உயிர் துறக்கிறான். அவனுக்கு 'மனிதரின் நண்பன்' என்ற பெயர் வழங்குவது பொருத்தமே. இறுதி இராவுணவின்போது ஆண்டவர் சீடரைப் பணியாளர் நிலையினின்று நண்பர் நிலைக்கு உயர்த்திய யோவான் நற்செய்திப் பகுதி, இவ்விடத்தில் கத்தோலிக்க வாசகரின் நினைவுக்கு வராமற் போகாது.

மற்றொரு விடை துயரமானது. ஹூரின் என்னும் வீரன் சிறுவனாக இருந்தபோது கோண்டோலின் என்னும் மறைநகரில் வரவேற்கப்பட்டவன். அதன் இருப்பிடத்தை வெளியிடுவதில்லை என்று உறுதி கூறியவன். பெரும்போர் ஒன்றில் கோண்டோலின் அரசன் டூர்கோன் தப்பிச்செல்லும்படி பின்படையாக நின்று போரிட்டுச் சிறைப்படுகிறான். 28 ஆண்டுகள் மோர்காத்தின் பிடியில் வதைபட்டும் அவன் வாய் திறக்கவில்லை. விடுவிக்கப்பட்ட பின் தளர்ந்த கிழவனாக அம்மலைகளின் அடிவாரத்தில் வந்து நிற்கிறான். கழுகரசன் செய்தி கொண்டுபோகிறான். டூர்கோன் நம்ப மறுக்கிறான். ஹூரின் பகைவனுக்குப் பணிந்துவிட்டான் போலும் என்று எண்ணிக் கதவடைக்கிறான். நெடுநேரம் சிந்தித்து மனம் மாறி ஆளனுப்பும்போது காலம் கடந்துவிடுகிறது. ஏமாற்றம் தாங்காமல் ஹூரின் மலையை நோக்கி உரக்க அழைத்துவிட்டான். ஒற்றர்கள் அதைக் கேட்டனர். நகரம் எப்பகுதியில் உள்ளது என்பதைப் பகைவன் அறிந்துகொள்கிறான்.

அச்சுறுத்தலுக்கும் ஆசைக்கும் பணிந்து நகரத்தின் சரியான இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் வேறு யாருமல்லன். அரசனின் தங்கை மகனான மேக்லின். ஐயத்தோடு வெளியே நிறுத்தப்பட்டவன் 28 ஆண்டுகள் வாய் திறவாதிருந்த அயலான். ஐயமின்றி உள்ளே வைக்கப்பட்டவன் இரத்த உறவினன். நம்பிக்கையை இரத்தத்தின் அளவுகோலால் அளப்போருக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை டோல்கீனின் எழுத்தில் வேறில்லை.

சில குறைகளும்

இத்துணைச் சிறப்புடைய கருத்திலும் நாம் கேள்வி எழுப்ப இடமுண்டு. பெயரை வழங்குபவர்கள் பெரும்பாலும் எல்ஃபுகளே. அழகிலும் அறிவிலும் உயர்ந்தோர் தாழ்ந்தோருக்கு அளிக்கும் சலுகையாக நட்பு தோன்றிவிடும் இடங்கள் உள்ளன. முதன்முதலில் வந்த மனிதர் தலைவனின் பெயரான 'பேயோர்' என்பதற்கே ஏவலன் என்றுதான் பொருள். ஆசிரியரும் இக்குறையை அறிந்தேயிருக்கிறார் போலும். ஹாலெத் என்னும் பெண் தலைவியை அவர் படைத்திருப்பது அதற்குச் சான்று. எல்ஃப் இளவரசன் ஒருவன் தன் பாதுகாப்பில் நிலம் தர முன்வந்தபோது, நன்றி கூறி மறுத்துத் தன் மக்களை அழைத்துக்கொண்டு அவள் வேறிடம் செல்கிறாள். அவளுடைய மக்களும் எல்ஃபுகளின் நண்பர்களாகவே எண்ணப்படுகின்றனர். பணியாமலும் நண்பராக இருக்கலாம் என்பதற்கு அவளே சாட்சி.

வளர்ப்பு மகனாக எல்ஃப் அரண்மனையில் வாழ்ந்த டூரினின் கதையும் சிந்திக்கத்தக்கது. அரசனின் அன்பைப் பெற்றும், அரண்மனைவாசி ஒருவனின் ஏளனத்தால் கலகம் விளைந்து, அவ்வேளனஞ்செய்தவன் இறக்க நேர்கிறது. தனக்கு நீதி கிடைக்காது என்று எண்ணி டூரின் ஓடிவிடுகிறான். அரசன் விசாரித்து மன்னித்த செய்தி அவனை உரிய காலத்தில் எட்டவில்லை. எட்டிய பின்னரும் திரும்ப அவன் தன்மானம் இடந்தரவில்லை. மதிக்கப்பட்ட அயலான் தனக்குக் கிடைத்த மதிப்பை முழுமையாக நம்புவது எத்துணைக் கடினம் என்பதை இக்கதை காட்டுகிறது. தலைவர்கள் அன்பு காட்டினால் மட்டும் போதாது. அவர்தம் சுற்றத்தாரும் அதில் பங்குகொண்டால்தான் அயலார் அச்சமின்றி வாழ முடியும்.

நிறைவாக

ரிவென்டெலில் கூடிய பேரவையில், மோதிரத்தைச் சுமக்க முன்வந்த ஃப்ரோடோவை நோக்கி எல்ரோண்ட், பழங்காலத்து மாபெரும் நண்பர்களான ஹாடோர், ஹூரின், டூரின், பெரென் ஆகியோரின் வரிசையில் அவனுக்கும் இடமுண்டு என்கிறார். அப்பட்டியலை முன்கதைகளோடு சேர்த்து வாசிப்பவர் திடுக்கிடுவர். அவர்களுள் இன்பமாக வாழ்ந்து முடித்தவர் அரியர். எல்ரோண்ட் வழங்கியது புகழுரை போலத் தோன்றினாலும் அது ஒரு பாரத்தின் அறிவிப்பு. ஃப்ரோடோவும் அதன்படியே வாழ்ந்தான். காத்த ஊரிலேயே பெரிதாக மதிக்கப்படாமல், ஆறாத காயத்தோடு சில காலம் இருந்து, பின்னர் எல்ஃபுகளின் கப்பலில் மேற்கே சென்றான். தன் தலைவனை ஊரார் கண்டுகொள்ளவில்லையே என்று வருந்தியவன் தோட்டக்காரன் சாம் ஒருவனே.

இந்நூல்களைப் புதிதாக வாசிக்க விரும்புவோர் போர்க்களக் காட்சிகளை விரைந்து தேடாமல், காட்டில் கில்டோரைச் சந்திக்கும் அந்த அதிகாரத்தை நிதானமாகப் படிப்பது நலம். பிறர் மொழியில் சொல்லப்பட்ட ஒரு சிறு வணக்கத்திலிருந்தே அனைத்தும் தொடங்குகிறது. நம் பங்குகளிலும் தெருக்களிலும் பிற மொழி பேசுவோர் பிழைப்புத் தேடி வந்து குடியேறும் இந்நாள்களில், அவர்களின் மொழியில் ஒரு வணக்கம் சொல்லக் கற்றவர்கள் நம்முள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள தியானமாக அமையும்.